ரங்கம்மா ஊட்டு ஹாலுக்கு அஞ்சு பெட்டி

திருவள்ளூர் பஜாரில் நான் வேலை பார்த்த கடையை இப்போது நடத்துவது முதலாளியின் மகள் பத்மா. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், கம்மி பட்ஜெட்ல ஹோம் தியேட்டர் எப்படி செலக்ட் பண்றதுன்னு பத்து டிப்ஸ் எழுதிக் குடுங்க. நம்ம கடைப் பேஜ்ல போட்டுடறேன். சின்னதா இருக்கட்டும், நீளமா இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள். சின்னதாக எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. அப்புறம் என்ன, பெரிதாகவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பார்த்தசாரதி. ஊருக்குள் சவுண்டு சாரதி. அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் பண்ணினவர். மைக் இல்லாமலே நாலு வீதிக்கும் கேட்கும்படி பாசுரம் சேவிப்பார். பிள்ளை ஸ்பீக்கர் கடைக்குப் போனதில் அவருக்குத் தாங்க முடியாத வருத்தம். "தொண்டை இல்லாதவனுக்குத்தான்டா பெட்டி வேணும்" என்பார். நான் போய்ப் பெட்டி தூக்கினேன், வயர் சீவினேன், சால்டரிங் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன், பிறகு வீடு வீடாகப் போய் செட் மாட்டினேன். என் படிப்பு இவ்வளவுதான்.

முதலாளியை எல்லாரும் நாயுடு என்பார்கள். ஆந்திர எல்லையோரத்து ஆள். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, மீதி முறைப்பு. அவருக்கு எல்லாரும் நைனாதான். கலெக்டரே கடைக்கு வந்தாலும் நைனாதான். வாங்க வருகிறவரிடம் பெட்டியைக் காட்டவே மாட்டார். "உன் ஊட்ட மொதல்ல காட்டு, அப்பறம் என் பெட்டிய நான் காட்றேன்" என்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். போன வீட்டில் கதவைச் சாத்தச் சொல்லி, மூலைக்கு மூலை நின்று பலமாக ஒரு தடவை கைதட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். எதிரொலி எப்படி வருகிறது என்று பார்க்கிற வேலை அது. பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டில் இவர் பேய் ஓட்டுகிறார் என்று நினைத்து, அந்த வீட்டு அம்மா தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வைத்து பயபக்தியோடு கொண்டுவந்தார். நாயுடு பழத்தை மட்டும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சக்கர தூக்கலா போட்டு ஜூஸா குடும்மா" என்றார்.

பத்மா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கையில் காசு கம்மியா? முன்னால் வைக்கிற இரண்டு பெட்டியை நல்லதாக வாங்குங்கள். பாட்டும் சண்டையும் அங்கிருந்துதான் வருகின்றன. பின்னால் வைக்கிற பெட்டியில் மழை பெய்யும், நாய் குரைக்கும், அவ்வளவுதான். அதற்குச் சுமாரான பெட்டி போதும். ரிசீவர் என்பது எல்லாப் பெட்டிக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற மிஷின். புதிதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற வடக்கத்தி ஆபீசர்கள் மாற்றலாகிப் போகும்போது நல்ல ரிசீவரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். நாயுடு அதைத்தான் வாங்கி வைப்பார். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த வாட்ஸ் நிஜமாக இருந்தால் உங்கள் தெருவுக்கே கரண்ட் போய்விடும். ரிசீவர் தலையில் பூப்போட்ட துணியைப் போர்த்தாதீர்கள், அதுவும் மூச்சு விட வேண்டும். ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கர் கோனுக்கு, அதாவது நடுவில் அதிர்கிற காகிதக் கூம்புக்கு, சந்தனம் குங்குமம் வைக்காதீர்கள். காய்ந்த சந்தனத்தோடு அது பாடுகிற பாட்டைக் கேட்டால் ஜலதோஷம் பிடித்தவன் பாடுகிற மாதிரியே இருக்கும். நான் எத்தனையோ சந்தனத்தை ஈரப் பஞ்சால் துடைத்திருக்கிறேன்.

ஸ்டாண்டு விஷயம்தான் பெரிய விஷயம். ஸ்பீக்கர் வாய் கேட்கிறவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். கம்பெனி ஸ்டாண்டெல்லாம் சோபாவில் உட்காருகிறவனுக்காகச் செய்தது. நம் பக்கத்து வீடுகளில் சோபாவில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும். ஜனங்கள் கீழே தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருப்பார்கள். அந்தக் காதுக்குத்தான் ஸ்டாண்டு. அதனால் நாங்கள் கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புப் பைப்பை வெட்டிக் குட்டையாகச் செய்துகொள்வோம். வயர் பைப்புக்குள் ஓடும். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. ஆடாமல் இருக்க உள்ளே மணலை நிரப்ப வேண்டும். இந்த மணலை மறந்துவிடாதீர்கள்.

இனி ரங்கம்மா.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஸ்டூலில்கூட உட்காராமல் கேட்டார். "இன்னா தம்பி, இந்த அஞ்சு பெட்டி சினிமா செட்டு, அத்த ஹால் பூராவும் வெச்சாத்தான் கேக்குமாமே?"

"ஆமாம்மா. முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு. கூட, அதிர்றதுக்குன்னு ஒரு டம்மு பெட்டி."

"ஹாலுக்கு நடுவுல செவுரு வந்தா?"

உள்ளே இருந்து நாயுடு எழுந்து வந்தார். "செவுரு வந்தா செட்டு செத்துச்சும்மா. பாதிப் படம் அந்தாண்ட, பாதிப் படம் இந்தாண்ட."

"அப்போ அதுதான் வோணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார் ரங்கம்மா.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. இரண்டு பிள்ளைகள். பெரியவன் முனிரத்தினம் நெல் போடுகிறவன். சின்னவன் தேவராஜ் தொழிற்பேட்டையில் இரும்பு ரோலிங் மில்லில் வேலை. போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் போனபோது யார் மாற்றுவது என்று ஆரம்பித்த சண்டை. மோட்டார் சரியாகிவிட்டது, பேச்சு நின்றது நின்றதுதான். ஒரே வீட்டில் வலது பக்க அறைகள் ஒருவனுக்கு, இடது பக்கம் ஒருவனுக்கு, நடுவில் ஹால். அந்த ஹாலிலும் நீளவாக்கில் சாக்பீஸ் கோடு. வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கோடு அழிந்துவிடும். மறுபடி கோடு போடுகிற மருமகள் யாரோ, அவள் பக்கம் ஹால் கொஞ்சம் வளரும். இந்தத் தகராறுக்காகத்தான் நிரந்தரமாகச் சுவர் வைப்பது என்று முடிவாகி, வாசலில் செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது.

"நடுவுல செவுரு வந்தா நான் எந்தாண்ட போயி படுக்கறது?" என்றார் ரங்கம்மா. "இவனாண்ட படுத்தா அவன் சோறு துன்ன மாட்டான். அவனாண்ட படுத்தா இவன் பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. எனக்கு அந்த ஹாலு ஒண்ணா இருக்கணும் நைனா. ரெண்டு பேருக்கும் சினிமான்னா உசுரு."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. நாயுடு என் பக்கம் திரும்பி, "இந்தப் பெட்டி இன்னாத்தப் பண்ணும்னு கேட்டு வந்தவங்களத்தான் பாத்துக்கினேன் நைனா. இன்னாத்தப் பண்ண விடாதுன்னு கேட்டு வந்தது இந்தம்மா ஒருத்திதான்" என்றார். அவர் குரலில் முறைப்பைக் காணோம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். நாயுடு இடது மூலையில் கைதட்டினார். உடனே தேவராஜ், "எங்க பக்கம் இன்னும் தட்டலியே சார்" என்றான். வலது மூலையில் தட்டினார். "அது பலமா தட்டின மாதிரி இருக்குதே" என்றான் முனிரத்தினம். நாயுடு திரும்பப் போய் இடது மூலையில் இன்னொன்று தட்ட வேண்டியிருந்தது. அவர் வாழ்நாளில் ஒரே மூலையில் இரண்டு தரம் தட்டியது அங்கேதான்.

இடது முன்பெட்டியும் இடது பின்பெட்டியும் அண்ணனுக்கு. வலது இரண்டும் தம்பிக்கு. வசனம் வருகிற நடுப்பெட்டி டிவிக்குக் கீழே, கோட்டின் மேலே, அம்மா பங்கு. இதுவரை சரி. டம்மு பெட்டியில் வந்தது பேஜாரு. மூலையில் வைத்தால் நன்றாக அதிரும். யார் மூலை?

"டம்முக்குத் திசை கெடையாது நைனா. எங்க வெச்சாலும் ஊடு பூராவும்தான் கேக்கும்" என்றார் நாயுடு.

"கேக்கறது வேற, இருக்கறது வேற" என்றான் முனிரத்தினம்.

"நான் ஷிப்டு முடிச்சு வந்து தூங்கறவன். எனக்கு அது வேணவே வேணாம். ஆனா அந்தாண்ட போவக் கூடாது" என்றான் தேவராஜ்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாம் நாயுடுவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். கடைசியில் டம்மு பெட்டியும் டிவிக்குக் கீழே கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அதிர்வு போனால் போகிறது.

காது அளக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்பெட்டிகள் சுவரில் தொங்கும்; முன்பெட்டி ஸ்டாண்டு இரண்டும் ஒரே உயரம் இருந்தால்தான் சத்தம் நேராக வரும். அண்ணன் பனைமரம், தம்பி குட்டை. இரண்டு பேரையும் தரையில் உட்காரவைத்து டேப்பைப் பிடித்தால் காதுக்குக் காது ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். தம்பியை ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "அவன் தரையில குந்துவான், நான் சாக்குல குந்தணுமா? நான் இன்னா மாடா?" என்று குதித்தான். சரி, அண்ணனுக்கும் சாக்கு போட்டோம். இப்போது இரண்டு பேரும் சமமாகச் சாக்கில், காது மட்டும் பழைய வித்தியாசத்திலேயே. நாயுடு தலையில் அடித்துக்கொண்டு, ரங்கம்மாவைக் கோட்டின் மேல் உட்காரவைத்து, அவர் காதுக்கு அளவெடுத்தார். அந்தம்மா காதுக்கு எதிராக யாரும் வாய் திறக்கவில்லை.

ஸ்டாண்டு வந்ததும், அவரவர் ஸ்டாண்டில் அவரவரே மணல் நிரப்புவதாக ஒப்பந்தம். அந்தச் சமயம் மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. தேவராஜ் மில்லில் ரோலரிலிருந்து உதிர்கிற இரும்புச் செதிலைக் கேட்டு வாங்கி வந்து நிரப்பினான். அண்ணன் அவன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்பினான். என்ன நிரப்பினான் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிறகு சரிபார்ப்பு. ரிசீவரில் அதற்கென்று ஒரு சத்தம் இருக்கிறது. 'உஷ்ஷ்' என்று ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வரும். எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு கேட்கிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "அவன் பெட்டில ஜாஸ்தி நேரம் நிக்குது சார்" என்றான். "அவன் பெட்டிலேர்ந்துதான் ஆரம்பிக்குது. மொத மரியாதை அவனுக்கா?" என்றான் தம்பி. நாயுடுவுக்கு வந்ததே கோபம்! "போங்கடா வெளிய! கேக்கறவங்க ஒருத்தர்தான் உள்ள இருக்கணும்" என்று இரண்டு பேரையும் வாசலுக்குத் துரத்திவிட்டு, ரங்கம்மாவை நடுவில் உட்காரவைத்தார்.

"எந்தப் பக்கம் ஜாஸ்தி கேக்குதும்மா?"

"ரெண்டும் சமம் நைனா."

வாசலில் இருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அத்தோடு தகராறு முடிந்தது. ரிமோட்டு ரங்கம்மாவின் இடுப்பில், சாவிக்கொத்தோடு.

நாலைந்து மாதம் நன்றாகவே ஓடியது. சாயங்காலமானால் கோட்டுக்கு அந்தாண்ட ஒரு குடும்பம், இந்தாண்ட ஒரு குடும்பம், நடுவில் அம்மா. வாசல் செங்கல்லின் மேல் கோழி முட்டையிட்டது. அப்புறம் அடைமழை வந்தது. ஒரு நாள் காலையில் தேவராஜ் கடைக்கே வந்துவிட்டான். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் மில்லிலிருந்து நேராக வந்திருந்தான்.

"சார், அவன் ஹால்ல பயிர் வெச்சுட்டான்!"

போய்ப் பார்த்தோம். அண்ணன் ஸ்டாண்டின் கீழ் ஓட்டையிலிருந்து, வயரை ஒட்டி, பச்சைப்பசேல் என்று நாற்று. மணல் கிடைக்கவில்லை, தம்பி இரும்பை நிரப்பியிருக்கும்போது தான் மட்டும் தெருமண்ணைப் போட்டால் கௌரவக் குறைச்சல் என்று, முனிரத்தினம் வீட்டிலிருந்த விதைநெல்லைக் கொட்டி நிரப்பியிருக்கிறான். வெள்ளிக்கிழமைக் கழுவல் தண்ணீரும் மழை ஈரமும் சேர்ந்து உள்ளே நெல் ஊறி உப்பி முளைத்துவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, கதாநாயகன் பாடினால் கூரையைப் பார்த்துப் பாடுகிற மாதிரி கேட்டது.

"பிடுங்கிப் போடு" என்றார் நாயுடு.

"விதைச்சவன் பச்சைப் பயிரப் புடுங்குவானா சார்? பாவம்" என்றான் முனிரத்தினம். நிஜமாகவே அவன் முகம் வாடிப்போயிருந்தது.

"பாத்தியா சார்? பொது எடத்துல பயிர் வெச்சு அனுபோகம் கொண்டாடப் பாக்கறான். நாளைக்கு அறுப்பு அறுத்துட்டு ஹாலு என்னுதும்பான்!" என்றான் தேவராஜ்.

பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியவர்கள் ஸ்டாண்டைச் சுற்றி உட்கார்ந்து, இது என்ன ரகம், நாற்று நன்றாக வந்திருக்கிறதே, உரம் என்ன போட்டாய் என்றெல்லாம் விசாரித்தார்கள். ஹால் விவகாரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தேவராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டான். எந்தச் சுவருக்குப் பயந்து அந்தம்மா எங்கள் கடைப் படியேறினாரோ, அந்தச் சுவர் எழும்ப ஆரம்பித்தது. ரங்கம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டு நாயுடு இரண்டு நாள் எந்த வீட்டுக்கும் கைதட்டப் போகவில்லை.

டிவிப் பக்கம் பெட்டிகள் இருந்ததால் கொத்தனார் பின்பக்கத்திலிருந்து, கோட்டின் மேலேயே, ஆளுக்கொரு சுவர் கணக்கில் திண்ணை அகலத்துக்குச் செங்கல் வைத்துக்கொண்டு வந்தார். முட்டி உயரம் வந்தது. சாயங்காலமாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று கலவைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு டிவியில் நல்ல சண்டைப் படம். முனிரத்தினம், சாய்ந்த பெட்டிக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே உட்காரப் போனவன், சுவர் வாகாக இருக்கிறதே என்று அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தவன் அசந்துபோய்விட்டான். ஹாலில் சத்தம் சரியாகக் கேட்கிற ஒரே இடம் நட்டநடுவுதான்; அதுவரை அங்கே அம்மாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்த தேவராஜ், சுவரில் பாதி தன் பங்குதானே என்று அவனும் வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தான். பெண்டாட்டிகள் உட்கார்ந்தார்கள். ரங்கம்மாவை அடுப்படியிலிருந்து கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்து, "ஏத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வந்திருக்கிறது. "ரெண்டு நாள் போவட்டும்."

அந்த இரண்டு நாள் போகவே இல்லை. கொத்தனார் வந்து வந்து கேட்டு அலுத்துப்போய், சுவருக்கு மேல்பூச்சு பூசி வழவழவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எனக்கு போன் வந்தது. எல்லாருடைய காதும் உயர்ந்துவிட்டதாம். ஸ்டாண்டை உயர்த்தித் தர வேண்டுமாம்.

நாயுடுவுக்கு அப்போது முட்டிவலி. "நீ போய்ட்டு வா நைனா" என்று அனுப்பிவிட்டார். நான் பட்டறையில் பைப்பை நீளமாக வெட்டிக்கொண்டு, இந்தத் தடவை என் கையாலேயே இரண்டிலும் மணலைக் கொட்டிக்கொண்டு போனேன். பழைய ஸ்டாண்டை நாற்றோடு முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றி வைத்தேன். வழக்கப்படி அண்ணன் தம்பி இருவரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, ரங்கம்மாவைச் சுவரின் நடுவில் உட்காரவைத்து, முன்பெட்டி இரண்டுக்கு மட்டும் 'உஷ்ஷ்' சத்தத்தைப் போட்டேன்.

"எந்தப் பக்கம் ஜாஸ்திம்மா?"

"ரெண்டும் சமம் தம்பி."

குனிந்து பார்க்கிறேன், வலது பக்கத்து வயர் தரையில் கிடக்கிறது. இன்னும் மாட்டவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை மாட்டிவிட்டு இடதைக் கழற்றினேன். "இப்போம்மா?"

"சமம்தான் தம்பி."

இரண்டையும் பிடுங்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

"இப்பவும் சமம்" என்றார் ரங்கம்மா. சொல்லிவிட்டு என் கையில் தொங்கிய வயரைப் பார்த்தார். கிட்டே வரச்சொல்லி ஜாடை காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு ஒரு காதுதான் கேக்கும் தம்பி. இன்னொண்ணு அவுட்டுன்னு டாக்டரு சொல்லி ரொம்ப வருசம் ஆவுது. ஊட்ல யாருக்கும் தெரியாது."

"எந்தக் காதும்மா? சொன்னீங்கன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டி வெச்சுடறேன்."

"சொல்ல மாட்டேன்" என்றார். "அது தெரிஞ்சிதுன்னு வை, அந்தாண்ட குந்தறவன் பொழுதுக்கும் என் மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பான். அம்மாவுக்கு நான் பேசறது கேக்கலன்னு. வேணாம் தம்பி, உட்டுடு."

இரண்டு வயரையும் மாட்டி, நானே நடுவில் உட்கார்ந்து, என் காதுக்கு வைத்துச் சரிபார்த்தேன். கதவைத் திறந்ததும் அண்ணனும் தம்பியும் முட்டிமோதிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அம்மா இன்னா சொல்லுச்சு சார்?"

"ரெண்டும் சமமாம்" என்றேன்.

படத்தைப் போட்டேன். இருவரும் அம்மாவுக்கு அந்தாண்ட ஒருவன் இந்தாண்ட ஒருவனாக உட்கார்ந்தார்கள். சத்தம் தூள் கிளப்பியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அம்மா பக்கம் சாய்ந்து, ஆளுக்கொரு காதில் என்னவோ சொன்னார்கள். ரங்கம்மா யார் பக்கமும் திரும்பவில்லை. நேரே டிவியைப் பார்த்தபடி, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினார்.